ஆஃபர் லெட்டருக்கும் முதல் நாளுக்கும் நடுவில்

2022 அக்டோபர் கடைசியிலிருந்து 2023 பிப்ரவரி கடைசி வரை, கையெழுத்துப் போட்ட ஆஃபர் லெட்டரை வைத்துக்கொண்டு, சம்பளம் இல்லாமல் சேலம் அம்மாப்பேட்டையில் எங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். ஆஃபர் கொடுத்தது உலகம் முழுக்கப் பெயர் தெரிந்த ஒரு பெரிய தொழில்நுட்ப நிறுவனம். பெயரைச் சொல்லப் போவதில்லை. இன்றைக்கும் அங்கேதான் வேலை பார்க்கிறேன், அந்த வருடம் பல நிறுவனங்களில் இதே கதைதான் நடந்தது. அங்கே இன்டர்வியூவில் என்ன கேட்பார்கள் என்று சொல்லித்தர வீடியோக்களுக்குக் குறைவில்லை. தேர்வான பிறகு என்னவெல்லாம் நடக்கலாம், பணம் எந்தெந்த வழியில் கையை விட்டுப் போகும் என்று சொல்ல ஒருத்தரும் இல்லை. எங்கள் வீட்டில் இந்த மாதிரி வேலைக்குப் போன முதல் ஆள் நான்தான், எங்கள் தெருவிலும் அப்படியே. இன்றைக்கு எங்கேயோ ஒரு தெருவில் என்னைப் போல முதல் ஆளாகப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அப்பா விசைத்தறி ஓட்டுகிறார். வீட்டின் பின்கட்டில் நாலு தறி. நான் சேலத்திலேயே இன்ஜினியரிங் முடித்து, 2018 ஜூன் முதல் வாரத்தில் சென்னையில் ஒரு நடுத்தர மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்தேன். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் வீட்டுக்கு வந்தேன், அதன்பிறகு இங்கிருந்தே வேலை. நல்ல மேனேஜர், கௌரவமான சம்பளம், அடிப்படைச் சம்பளம் மட்டும் 40 ஆயிரம். குறையென்று பெரிதாக எதுவும் இல்லை. இருந்தாலும் வருடக்கணக்கில் ஒரே மாதிரி வேலையைச் செய்து செய்து சலித்திருந்த நேரத்தில், 2022 கோடையில் அந்தப் பெரிய நிறுவனத்துக்கு ஆள் சேர்க்கும் ரிக்ரூட்டரிடமிருந்து செய்தி வந்தது.

இன்டர்வியூ பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், வீட்டிலிருந்து கொடுப்பவர்களுக்கு உதவும். எங்கள் வீட்டில் முதல் பிரச்சினை சத்தம். நாலு தறி ஓடினால் பக்கத்தில் நிற்பவரிடம்கூடக் கத்தித்தான் பேச வேண்டும். முதல் ரவுண்டுக்கு 45 நிமிடம் தறியை நிறுத்தச் சொன்னேன். அப்பா நிறுத்தினார், ஆனால் அடுத்த வீட்டுத் தறியை யார் நிறுத்துவது? எதிர்முனையில் இருந்தவர் இரண்டு முறை "உங்கள் பக்கம் மழையா?" என்று கேட்டார். அடுத்த ரவுண்டுகளை ஃபேர்லேண்ட்ஸில் தோழி வீட்டு மாடியில் வைத்துக்கொண்டேன். இரண்டாவது பிரச்சினை மின்தடை. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்கு நிறுத்தினால் சாயங்காலம்தான் வரும். எந்தெந்தப் பகுதி என்று முன்கூட்டியே பேப்பரில் அறிவிப்பு வந்துவிடும். ஆகவே தேதி குறிக்கும்போதே உங்கள் பகுதிக்கு அந்த மாதப் பராமரிப்பு முடிந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இன்வெர்ட்டர் இருந்தாலும் இணையப் பெட்டி அந்த லைனில் இருக்கிறதா என்று ஒருமுறை மெயின் சுவிட்சை அணைத்துச் சோதித்துப் பாருங்கள். போனில் வேறு நிறுவனத்து டேட்டா தயாராக இருக்கட்டும்.

ரவுண்டுகளைப் பொறுத்தவரை எனக்குக் கோடிங் இரண்டு, சிஸ்டம் டிசைன் (ஒரு பெரிய மென்பொருளை எப்படி அமைப்பது என்பது) ஒன்று, நடந்துகொள்ளும் விதம் பற்றி ஒன்று, ஆரம்பத்தில் போன் ரவுண்டு தனி. கோடிங்கில் நிரலை ஓட்டிப் பார்க்க முடியாது. வெறும் டாக்குமென்டில் எழுத வேண்டும், எழுதிக்கொண்டே யோசிப்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வாயை மூடிக்கொண்டு கணக்குப் போட்டுப் பழகிய நமக்கு இதுதான் கஷ்டம். நான் தினமும் ஒரு கேள்வியைத் தோழிக்குப் போனில் சொல்லிக்கொண்டே எழுதிப் பழகினேன். அவள் கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. அவளுக்குப் புரிகிற மாதிரி சொல்ல முயன்றதுதான் எனக்குப் பெரிய பயிற்சி. ஆங்கிலம் சரளமாக வரவில்லை என்று யாரும் என்னைக் குறைத்து மதிப்பிட்டதாகத் தோன்றவில்லை. கேள்வியைத் திருப்பிச் சொல்லி "இதைத்தானே கேட்கிறீர்கள்?" என்று உறுதி செய்துகொண்டதை மூன்று பேர் பாராட்டினார்கள். "நடந்துகொள்ளும் விதம்" ரவுண்டை லேசாக எடுக்காதீர்கள். சக ஊழியரோடு கருத்து வேறுபாடு வந்தபோது என்ன செய்தீர்கள், கெடு தவறியபோது என்ன செய்தீர்கள் என்று கேட்பார்கள். "எங்கள் டீம் செய்தது" என்று சொன்னால் "அதில் நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று திரும்பக் கேட்பார்கள். சொந்த வேலையைத் தன் வாயால் எடுத்துச் சொல்லக் கூசும் வளர்ப்பு நம்முடையது, முன்பே எழுதிவைத்துப் பழகாமல் அந்த நேரத்தில் வராது.

எல்லா ரவுண்டும் முடிந்து "தேர்வுக் குழு ஒப்புக்கொண்டது" என்று சொன்ன பிறகும் ஆஃபர் வரவில்லை. டீம் கிடைக்க வேண்டும். ஒவ்வொரு டீம் மேனேஜரிடமும் தனித்தனியாகப் பேச்சு. இந்தக் கட்டத்தில் பலர் மாதக்கணக்கில் நின்று அப்படியே போய்விடுகிறார்கள். "பாஸாகிவிட்டேன்" என்று அவசரப்பட்டு ஊருக்குச் சொல்லிவிடாதீர்கள். எனக்குச் சில வாரங்களில் டீம் கிடைத்து, ஆகஸ்ட் முதல் வாரம் ஆஃபர் லெட்டரே வந்துவிட்டது. சம்பளம், நிறுவனப் பங்கு, சேரும் போனஸ், சேர வேண்டிய தேதி எல்லாம் அதில் இருந்தது: அக்டோபர் 31, திங்கட்கிழமை, பெங்களூரு அலுவலகம்.

லெட்டரை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். அவர் கேட்டது ஒன்றுதான். "தேதி தள்ளிப்போச்சுன்னா கூலி யாரு கண்ணு குடுப்பாங்க? பாவு தறியில ஏறுற வரைக்கும் ஆர்டர்னு சொல்லக் கூடாது." பாவு என்றால் தறியில் ஏற்றும் நீளவாட்டு நூல். நெசவுக்காரர் பேச்சு, இந்தக் காலத்துக் கம்பெனிக்குப் பொருந்தாது என்றுதான் வீட்டில் எல்லோரும் சொன்னோம். பொருந்தியது. லெட்டரின் மூன்றாம் பக்கத்தில், நிறுவனத்தின் தேவையைப் பொறுத்துச் சேரும் தேதியை மாற்றவோ ஆஃபரைத் திரும்பப் பெறவோ உரிமை உண்டு என்று ஒரு வரி இருந்தது. கிட்டத்தட்ட எல்லா ஆஃபர் லெட்டரிலும் அந்த வரி இருக்கும், அதை எடுக்கச் சொன்னால் எடுக்க மாட்டார்கள். ஆனால் ராஜினாமா செய்வதற்கு முன் ரிக்ரூட்டருக்கு மெயில் போட்டுச் சில கேள்விகளை எழுத்தில் கேட்க முடியும். இந்த இடத்துக்கு நிதி ஒப்புதல் முடிந்துவிட்டதா? பின்னணிச் சரிபார்ப்பு முடிந்த பிறகு ராஜினாமா செய்யலாமா? உங்கள் பக்கத்திலிருந்து தேதி தள்ளிப்போனால் இடைக்காலத்துக்கு ஏதாவது தருவீர்களா? நோட்டீஸ் காலத்தை, அதாவது ராஜினாமாவுக்குப் பிறகும் பழைய இடத்தில் வேலை செய்ய வேண்டிய நாட்களை, பணம் கட்டி வாங்கினால் அதைத் திருப்பித் தருவீர்களா? பதில் மழுப்பலாக வந்தால்கூட அது ஒரு தகவல்தான். நான் கடைசிக் கேள்வியை மட்டும் கேட்டிருந்தேன், அந்த ஒரு பதில்தான் பிறகு என்னைக் கொஞ்சமாவது காப்பாற்றியது.

பழைய நிறுவனத்தில் நோட்டீஸ் 90 நாள். ஆகஸ்ட் நடுவில் ராஜினாமா கொடுத்தால் நவம்பர் நடுவில்தான் விடுவிப்பார்கள். ரிக்ரூட்டரோ அக்டோபர் 31-ஐத் தாண்டக் கூடாது, அந்தக் காலாண்டுக்கான இடம் போய்விடும் என்று போனில் வாரத்துக்கு இரண்டு முறை சொன்னார். எனவே மீதி நாட்களுக்குப் பணம் கட்டி, தீபாவளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை விடுவிப்புக் கடிதம் வாங்கினேன். கட்டியது ஏறக்குறைய 56 ஆயிரம். அதற்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. என்று இன்னொரு 10 ஆயிரத்தையும் கணக்கில் சேர்த்திருந்தார்கள். இதை எல்லோரும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: நோட்டீஸ் காலத்துக்காகப் பிடிக்கும் பணத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்று மத்திய மறைமுக வரி வாரியம் 2022 ஆகஸ்ட் 3 அன்று சுற்றறிக்கை போட்டிருக்கிறது, எண் 178. அதை இணைத்து மெயில் அனுப்பினேன், மறுவாரம் அந்தத் தொகையை எடுத்துவிட்டார்கள். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, பழைய படிவம் அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது. கேட்காவிட்டால் அப்படியே ஓடும்.

தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் எங்கள் தெருவில் ராத்திரி பகல் தெரியாமல் தறி ஓடும். பண்டிகை முடிந்தால் சில நாள் முழு அமைதி. அந்த அமைதியான வாரத்தில்தான் மெயில் வந்தது. "வணிகச் சூழல் காரணமாக உங்கள் சேரும் தேதி அடுத்த ஆண்டுக்கு மாற்றப்படுகிறது. புதிய தேதியைப் பிறகு தெரிவிப்போம்." அவ்வளவுதான். பெட்டி கட்டியாகிவிட்டது. பெங்களூரு பி.டி.எம். லேஅவுட்டில் தோழியோடு வீடு பார்த்து என் பங்கு அட்வான்ஸ் 60 ஆயிரம் கொடுத்தாகிவிட்டது. சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்தாகிவிட்டது. மெயிலைப் படித்துவிட்டுப் பின்கட்டில் போய் நின்றேன். அம்மா காபி கொண்டுவந்தார், என் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை.

அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அவசரம் அவசரம் என்று என்னைத் துரத்தியவர்கள், தங்கள் பக்கம் வந்தபோது ஒரு தேதிகூடக் குறிப்பிடவில்லை. ரிக்ரூட்டரைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. பிறகு தெரிந்தது, அவருடைய வேலையே ஆட்டத்தில் இருந்தது. அந்த நவம்பரில் மெட்டா 11,000 பேரை அனுப்பியது. 2023 ஜனவரியில் அமேசான் 18,000, கூகுள் 12,000, மைக்ரோசாஃப்ட் 10,000 என்று அறிவிப்புகள் வரிசையாக வந்தன. ஊரடங்கில் எல்லோரும் இணையத்திலேயே இருந்த காலத்தில் இந்த நிறுவனங்கள் வேகமாக ஆள் எடுத்தன. 2022-ல் அமெரிக்காவில் வட்டி ஏறி, விளம்பர வருமானம் குறைந்து, பங்கு விலை சரிந்ததும் முதலில் கதவைச் சாத்திய இடம் ஆள்சேர்ப்பு. உள்ளே இருப்பவரை அனுப்பினால் இழப்பீடு கொடுக்க வேண்டும். என்னைப் போல வாசலில் நிற்பவருக்கு எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. இது புரிந்த பிறகு "என்னிடம் என்ன குறை?" என்று ராத்திரியெல்லாம் யோசிப்பது நின்றது. யாராவது முதல் நாளே சொல்லியிருந்தால் அந்த ராத்திரிகள் மிச்சமாகியிருக்கும்.

தள்ளிவைக்கும் மெயில் வந்தால் அன்றைக்கே பதில் எழுதுங்கள், போனில் பேசி விட்டுவிடாதீர்கள். ஆஃபர் இன்னும் செல்லுமா, உத்தேசமாக எந்த மாதம், நான் ஏற்கெனவே கட்டிய பணத்துக்கு என்ன வழி, இடையில் வேறு இடத்தில் சேர்ந்தால் என் ஆஃபர் என்ன ஆகும் என்று கேளுங்கள். நீங்கள் இன்னும் நோட்டீஸ் காலத்தில் இருந்தால் அதே நாளில் பழைய மேனேஜரிடமும் பேசி, ராஜினாமாவைத் திரும்பப் பெற விரும்புவதாக எழுத்தில் கொடுங்கள். ஒப்புக்கொள்வது அவர்கள் விருப்பம், ஆனால் உங்கள் இடத்துக்கு வேறு ஆள் வராத வரை வாய்ப்பு நன்றாகவே உண்டு. எனக்கு அந்தக் கதவு ஒரு வாரத்தில் மூடியது. மேனேஜர் மனது வைத்தார், நிர்வாகம் குறைந்த பதவியில் ஒப்பந்த வேலை தரலாம் என்றது. அதை எடுத்தால் பி.எஃப். கணக்கில் புதுப் பதிவு விழும், முடிந்துபோன பின்னணிச் சரிபார்ப்பை மறுபடி திறப்பார்கள் என்று தெரிந்ததால் வேண்டாமென்றேன். இந்தச் சரிபார்ப்புக்காரர்கள் பி.எஃப். கணக்கில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை எங்கே இருந்தீர்கள் என்று பார்க்கிறார்கள். இடைவெளி இருந்தால் விளக்கிவிடலாம். இரண்டு வேலை ஒரே நேரத்தில் ஓடியதாகத் தெரிந்தால் விளக்குவது கடினம். விலகிய தேதியைப் பழைய நிறுவனம் பதிவு செய்யாமல் இழுத்தடித்தால், கடைசிச் சந்தா கட்டி இரண்டு மாதம் ஆனதும் பி.எஃப். தளத்தில் நீங்களே பதியலாம். கையில் காசில்லை என்று அந்தப் பணத்தை மட்டும் எடுத்துவிடாதீர்கள். ஐந்து வருடம் முடியும் முன் எடுத்தால் வரி உண்டு, சேவைக் காலமும் அறுந்துபோகும்.

எனக்கு அதிகம் வலித்தது பணிக்கொடை, அதாவது நீண்ட சேவைக்காக விலகும்போது நிறுவனம் தரும் தொகை. ஐந்து வருடம் வேலை செய்தால்தான் கிராஜுவிட்டி என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் அப்போது நடப்பில் இருந்த 1972-ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு வருடத்தில் 240 நாள் வேலை செய்தாலே அதைத் தொடர்ச்சியான வருடமாக எடுத்துக்கொண்டது, வாரத்துக்கு ஐந்து நாள் இயங்கும் இடம் என்றால் 190 நாள். இதை வைத்து நாலு வருடம் 240 நாள் முடித்தவருக்கும் பணிக்கொடை உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சொல்லியிருக்கிறது. நம் பக்கத்து மேட்டூர்தான். எல்லா நிறுவனமும் இதைத் தானாக ஒத்துக்கொள்ளாது, தீர்ப்பைக் காட்டிக் கேட்க வேண்டும். என் கணக்கு இது: 2018 ஜூனில் சேர்ந்து 2022 அக்டோபரில் விலகியதால் நாலு வருடம் நாலரை மாதம்தான், எந்தக் கணக்கிலும் கிடைக்காது. நான் உண்மையில் புது வேலையில் சேர்ந்தது 2023 பிப்ரவரி கடைசி. அதுவரை பழைய இடத்தில் இருக்க விட்டிருந்தால் நாலு வருடம் எட்டு மாதம் தாண்டியிருக்கும். ஆறு மாதத்துக்கு மேல் போனால் முழு வருடமாக எடுப்பார்கள், ஆகவே 40 ஆயிரத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆலும் 5-ஆலும் பெருக்கினால் 1 லட்சத்து 15 ஆயிரம். போயே போய்விட்டது. சேரும் தேதி பேசும்போது உங்கள் பணிக்கொடைத் தேதியை முதலில் காலண்டரில் குறித்துவையுங்கள். அது பக்கத்தில் இருந்தால் அந்த இழப்பைச் சேரும் போனஸில் கேட்கலாம், பல இடங்களில் கொடுக்கிறார்கள்.

அடுத்தது காப்பீடு. அப்பா, அம்மா இருவரும் பழைய நிறுவனத்தின் குழுக் காப்பீட்டில் இருந்தார்கள். அது என் கடைசி வேலை நாளோடு முடிந்தது. டிசம்பரில் அம்மாவுக்குப் பித்தப்பைக் கல் வலி வந்து, தள்ளிப்போட முடியாமல் அறுவைச் சிகிச்சை செய்தோம். ஏறக்குறைய 80 ஆயிரம், முழுக்கக் கையிலிருந்து. ஆஸ்பத்திரி வாசலில் ஏ.டி.எம். ரசீதைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு முதல்முறையாக அழுகை வந்தது. நிறுவனத்தை விட்டு விலகும்போது குழுக் காப்பீட்டை அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசியாக மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. ஆனால் விலகுவதற்கு முன்பே எழுதிக் கேட்க வேண்டும், பழைய நிறுவனம் தானாகச் சொல்லாது. பெற்றோருக்கு வயதாகிவிட்டது என்றால் வேலை மாறினாலும் மாறாவிட்டாலும் தனியாக ஒரு பாலிசி வைத்துவிடுங்கள். புதுப் பாலிசியில் ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் இருக்கும், அவசரம் வந்தபிறகு எடுத்துப் பயனில்லை.

வீட்டு மாடி கட்ட வாங்கிய கடனுக்கு மாதம் 18 ஆயிரம் தவணை, அதையும் சேமிப்பிலிருந்து கட்டினேன். பெங்களூரு வீட்டுக்காரர் அட்வான்ஸில் ஒரு மாத வாடகையும் பெயின்ட் செலவும் பிடித்துக்கொண்டு மீதியைத் தந்தார், 25 ஆயிரம் போனது. பழைய சம்பளக் கணக்கிலேயே பார்த்தாலும் நாலு மாத வருமானம் மூன்று லட்சத்துக்கு மேல். எல்லாம் கூட்டினால் ஐந்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. வேலை மாறுகிறவர் ஆறு மாதச் செலவுக்காவது கையில் வைத்திருக்க வேண்டும் என்பது, வேலை கிடைக்காதவருக்குச் சொல்லும் அறிவுரை என்று நினைத்துக்கொண்டிருப்போம். வேலை கிடைத்தவருக்கும் அதே அளவு வேண்டும்.

டிசம்பர் கடைசியில் தோழி என்னை வலுக்கட்டாயமாக ஏற்காட்டுக்கு அழைத்துப் போனாள். காபிப் பழம் பறிக்கும் பருவம், குளிர் நன்றாக இருந்தது. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறும்போது பாதிக்கு மேல் சிக்னல் வந்து வந்து போகும். மேலே போய்ப் பார்த்தால் தெரியாத எண்ணிலிருந்து தவறிய அழைப்பு. திருப்பிக் கூப்பிட்டால் போகவில்லை. அன்று முழுக்க ஏரியையும் பார்க்கவில்லை, பகோடா பாயின்ட்டில் நின்றும் ஊரைப் பார்க்கவில்லை, போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு நாள் கழித்துத்தான் அது புது ரிக்ரூட்டர் என்று தெரிந்தது. பழையவர் போய்விட்டார், என் கோப்பு இவரிடம் வந்திருக்கிறது. பழையவர் போனில் சொன்ன எதுவும் இவருக்குத் தெரியாது. நோட்டீஸ் பணத்தைத் திருப்பித் தருவதாக வந்த மெயில் என்னிடம் இருந்ததால் அது நின்றது. "இரண்டு வாரத்தில் சொல்கிறேன்" போன்ற போன் பேச்செல்லாம் காற்றோடு போனது. அன்றிலிருந்து நான் வைத்துக்கொண்ட வழக்கம்: யாரோடு போனில் பேசினாலும் முடிந்தவுடன் "நாம் பேசியதில் எனக்குப் புரிந்தது இது" என்று நாலு வரி மெயில். மறுப்பு வராவிட்டால் அது உங்கள் கையில் இருக்கும் காகிதம்.

இந்தக் காத்திருப்பில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பெரிய நிறுவனத்தில் "உள்வழியாக" உடனே சேர்த்துவிடுகிறேன், பாதுகாப்புத் தொகை கட்டு என்று செய்திகள் வரும். எனக்கும் வந்தது, நிறுவனத்தின் சின்னம், கையெழுத்து எல்லாம் அசல் போலவே. ஆள் சேர்க்க எந்தப் பெரிய நிறுவனமும் காசு கேட்காது. மனம் சோர்ந்திருக்கும்போது இது தெரிந்தவர்கள்கூட விழுந்துவிடுகிறார்கள். மெயில் முகவரியில் @ குறிக்குப் பின்னால் இருப்பதை எழுத்து எழுத்தாகப் பாருங்கள்.

ஜனவரி முழுக்க வேறு இடங்களுக்கும் விண்ணப்பித்தேன், அதில் எந்தக் குற்ற உணர்ச்சியும் வேண்டாம். அவர்கள் தேதி சொல்லாத வரை நாம் தேடுவது நியாயமே. ஒரு சிறிய பெங்களூரு நிறுவனத்தில் இரண்டாவது ரவுண்டு வரை போயிருந்தபோது புதுத் தேதி வந்தது. வேறு டீம், அதே பதவி, பிப்ரவரி கடைசித் திங்கட்கிழமை. இந்த முறை கேட்க வேண்டியதையெல்லாம் எழுத்தில் கேட்டேன். இடைக்காலச் சம்பளம் முடியாது என்றார்கள், நோட்டீஸ் பணம் தருவோம் என்றார்கள், பங்கு எண்ணிக்கையைப் புதிய சேரும் தேதி விலையில் கணக்கிடுவோம் என்றார்கள். கடைசியாகச் சொன்னது முக்கியம். பங்கை டாலர் மதிப்பில் சொல்லி, எந்த நாள் விலையில் எண்ணிக்கையாக மாற்றுவார்கள் என்பதை ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு விதமாக வைத்திருக்கிறது. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் "இத்தனை லட்சம் பேக்கேஜ்" என்று மனக்கணக்குப் போடாதீர்கள்.

சேர்ந்த பிறகு முதல் சில வாரம் பயம்தான். எங்கள் அலுவலகத்தில் அதே மாதம் சிலரை அனுப்பியிருந்தார்கள். காலியான மேசைகளுக்கு நடுவில் புது ஆள் என்று சொல்லிக்கொள்ளவே சங்கடமாக இருந்தது. அனுப்பப்பட்டவர்களில் ஒருவர் சொன்னது மனதில் தங்கிவிட்டது: மெயில் வந்த அன்றைக்கே லேப்டாப் பூட்டப்பட்டது, சம்பளச் சீட்டு, படிவம் 16 (நிறுவனம் தரும் வரிப் பிடித்தச் சான்று), பங்கு ஒப்பந்தம் எதுவும் அவரிடம் இல்லை. நான் மாதந்தோறும் இவற்றைச் சொந்த மெயிலில் சேமிக்கிறேன். நிறுவனத்தின் நிரலையோ உள் ஆவணத்தையோ தொடவே கூடாது, நம் சொந்தக் காகிதங்களை மட்டும். அந்த ஆண்டு இரண்டு நிறுவனத்தில் சம்பளம் வாங்கியதால், பழைய சம்பள விவரத்தைப் புது நிறுவனத்துக்குச் சொல்லும் படிவம் 12பி கொடுத்தேன். கொடுக்காவிட்டால் இரண்டு பேரும் தனித்தனியாகக் கழிவு கொடுத்து, ஜூலையில் வரி கட்டும்போது மொத்தமாக இடிக்கும். நோட்டீஸ் பணமும் சேரும் போனஸும் சம்பளத்தோடு சேர்ந்து வரி போகத்தான் வந்தன. ஒரு வருடத்துக்குள் விலகினால் போனஸைத் திருப்பித் தர வேண்டும், வரிக்கு முந்தைய தொகையா பிந்தைய தொகையா என்பதைக் கையெழுத்துக்கு முன் படித்துவிடுங்கள்.

வேலை என்று பார்த்தால், பழைய இடத்தில் வேகமாகச் செய்து முடிப்பவர் கெட்டிக்காரர். இங்கே செய்வதற்கு முன் எழுத வேண்டும். என்ன செய்யப் போகிறோம், ஏன், வேறு வழி என்ன என்று பக்கம் பக்கமாக எழுதிச் சுற்றுக்கு விட வேண்டும். முதல் ஆவணத்துக்கு வந்த கருத்துகளைப் பார்த்து இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. பிறகு பார்த்தால் பத்து வருட அனுபவக்காரருக்கும் அதே அளவு கருத்து வருகிறது. அது அங்கே வழக்கம். புரியாததை மூன்றாம் வாரத்தில் கேட்டால் யாரும் எதுவும் நினைக்க மாட்டார்கள், எட்டாம் மாதத்தில் கேட்டால் நினைப்பார்கள். நம்மூர்ப் பிள்ளைகள் அமைதியாக உட்கார்ந்து தாமே கண்டுபிடிக்கப் பார்ப்போம், அந்தப் பழக்கத்தை இங்கே விட்டாக வேண்டும். வெள்ளிக்கிழமை தோறும் அந்த வாரம் செய்ததை ஐந்து வரி எழுதிவைக்கிறேன். மதிப்பீட்டு நேரத்தில் மேனேஜருக்கு நினைவிருக்காது. போன வருடம் என் மேனேஜர் நடுவில் மாறினார், புதியவருக்கு என்னைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அந்த வரிகள்தான்.

பங்குகள் கைக்கு வர ஆரம்பித்ததும் இன்னொரு வேலை சேர்ந்தது. பங்கு நம் கணக்கில் விழும் நாளின் மதிப்பு சம்பளமாகவே வரிக்குள் வரும், அதற்காக ஒரு பகுதியை விற்றுவிட்டு மீதியைத் தருவார்கள். மீதி அமெரிக்கப் பங்கு, அதாவது வெளிநாட்டுச் சொத்து. வருமான வரிக் கணக்கில் ஐ.டி.ஆர். 1 படிவம் போடக் கூடாது, ஐ.டி.ஆர். 2-ல் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையை நிரப்ப வேண்டும், விற்காமல் சும்மா வைத்திருந்தாலும். அந்த அட்டவணைக்கு நிதியாண்டுக் கணக்கு கிடையாது, ஜனவரி முதல் டிசம்பர் வரை. மறைத்தால் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் அபராதம் விதிக்கலாம். 2024 அக்டோபர் முதல், அசையாச் சொத்து நீங்கலாக மொத்தம் 20 லட்சத்துக்குள் இருந்தால் அந்த அபராதத்திலிருந்து விலக்குக் கொடுத்திருக்கிறார்கள், ஆனால் காட்ட வேண்டியது காட்ட வேண்டியதுதான். ஈவுத்தொகை வந்தால் அமெரிக்காவில் 25 சதவீதம் பிடித்துக்கொள்வார்கள், அதை இங்கே ஈடுகட்ட படிவம் 67 தாக்கல் செய்ய வேண்டும். எங்கள் குடும்ப ஆடிட்டர் தறிக் கணக்கில் நிபுணர், இது அவருக்குப் புதிது. தரகு நிறுவனத்தின் அறிக்கையை எடுத்துக்கொண்டு போய், இருவரும் ஒரு சனிக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்து நிரப்பினோம். நீங்களும் ஜூலை வரை காத்திருக்காமல் ஏப்ரலிலேயே அந்த அறிக்கையை இறக்கிவைத்து ஆடிட்டரிடம் காட்டிவிடுங்கள்.